வானிலை அறிக்கையை நிறுத்தி நிறுத்திக் கேட்ட வகுப்பு

ஓய்வு பெற்ற ஆசிரியையைக் கூப்பிட்டு ‘நாலு வார்த்தை பேசுங்கள்’ என்று கேட்பதில் உள்ள ஆபத்தை நீங்கள் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். நாங்கள் நாலு வார்த்தையில் நிறுத்திப் பழகியவர்கள் இல்லை. அந்த நாலையும் விளக்கி, விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதி, எழுதியதை நீங்கள் எழுதிக்கொண்டீர்களா என்று பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வரும். அழைத்தவர்கள் நீங்கள், அனுபவியுங்கள்.

உங்களில் பலர் சமீபத்தில்தான் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். பள்ளிக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, அதை வைத்துப் பிள்ளைகளின் உயர்நிலைச் சிந்தனையை வளர்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள், எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்றீர்கள். கவலைப்பட வேண்டாம். சொன்னவர்களுக்கும் தெரியாது. கருவி எப்போதும் சீக்கிரம் வந்துவிடும், உத்தரவு அதற்கும் முன்னால் வந்துவிடும். சிந்தனைக்குத்தான் பஸ் வசதி குறைவு.

நான் ஆசிரியர் பயிற்சிக்காகப் பி.டி. படித்தபோது சிந்தனையை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார்கள். அடியில் நினைவுகூர்தல். அதற்கு மேல் புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்துப் பார்த்தல், சேர்த்துக் கட்டுதல். உச்சியில் மதிப்பிடுதல். பரீட்சையில் ஆறு படிகளையும் வரிசை பிசகாமல் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதாவது, ஏணியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதல் படிதான். வேலைக்கு வந்த பிறகும் பல வருடம் அந்த முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வந்த ஊர், நாகலாபுரத்துக்கும் புதூருக்கும் இடையில் கரிசலுக்குள் கிடந்தது. பேர் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். அரசு உயர்நிலைப் பள்ளி. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தினேன்.

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஒரு விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தான். ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ஒரே பெட்டிக்குள். ரேடியோவில் வருவதை அப்படியே கேசட்டில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பாட்டுக் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அது பாடினால் என் மாமியாருக்குத் தலைவலி வந்தது. பாடாமல் இருந்தால், இவ்வளவு பெரிய சாமான் சும்மா கிடக்கிறதே என்று வருத்தம் வந்தது. இரண்டுக்கும் மருந்தாக அதைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்துக் கரிசலுக்குக் கல்வித் தொழில்நுட்பம் வந்து சேர்ந்த வரலாறு இதுதான்.

முதல் வேலையாக நான் செய்தது என்ன தெரியுமா? கரிசல் புழுதி எனக்குத் தொண்டையைக் கட்டும். ஆகவே பாடத்தை வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து, வகுப்பில் ஓடவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து என் குரலை நானே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சு தூங்கியது. பிறகு நடு பெஞ்சு. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை, எனக்கே கண்ணைச் சொக்கியது. கருவி நம்மைப் பெரிதாக்கிக் காட்டும். நம்மிடம் ஒன்றுமில்லை என்றால் அந்த ஒன்றுமில்லாததையும் பெரிதாக்கிக் காட்டும். இதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. சிலருக்கு வேலைக்காலம் முழுக்க ஆகிறது.

பருவக்காற்றுப் பாடம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ரேடியோவில் சொன்ன வானிலை அறிக்கையைக் கேசட்டில் பிடித்துக்கொண்டு போனேன். சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி இருக்கட்டும் என்றுதான். தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றது பெட்டி. நான் மேலே ஓடவிடப் போகும்போது சீனித்தாய் என்ற மாணவி எழுந்து, திரும்பப் போடச் சொன்னாள். திருப்பிப் போட்டு நிறுத்தினேன்.

“அந்த ஓரிரு இடத்துல நம்ம ஊரு உண்டா டீச்சர்?”

தெரியாது என்றேன்.

“அப்ப நாளைக்கு இங்கன பெய்யலன்னா ரேடியோ சொன்னது பொய்யா?”

பின்னாலிருந்து கருப்பசாமி பதில் சொன்னான். அவன் என்னைக் கேட்டுப் பேசும் வழக்கம் இல்லாதவன். “எப்படிட்டி பொய்யாகும்? விளாத்திகுளத்துல பெஞ்சிருந்தா மெய்தான?”

“அங்கயும் பெய்யலன்னா?”

“தூத்துக்குடியில பெஞ்சிருக்கும்.”

“அப்ப இத என்னைக்குமே பொய்யின்னு சொல்ல முடியாதால?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. தூங்கும் அமைதி இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு. அந்த நிமிடத்தில்தான் இந்தப் பெட்டியில் உருப்படியான பொத்தான் எது என்று எனக்குப் பிடிபட்டது. பாட வைக்கும் பொத்தான் இல்லை, நிறுத்தும் பொத்தான். ரேடியோ காற்று மாதிரி, சொல்லிவிட்டுப் போய்விடும். கேசட்டைப் பிடித்து உட்கார வைத்து, ‘இப்போது என்ன சொன்னாய், மறுபடி சொல்’ என்று கேட்கலாம். எந்தப் பெரிய மனிதரையும் அப்படிக் கேட்க முடியாது. பிள்ளைகளுக்கு அது பெரிய ருசியாக இருந்தது.

அடுத்த மாதங்களில் வாரம் ஒருநாள் இதே வேலை. அறிக்கையைப் போடுவது, நிறுத்துவது, கேட்பது. எங்களுக்கு மூன்று கேள்விகள் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டன. இதை எதைப் பார்த்துச் சொன்னார்கள்? எது நடந்தால் இது பொய்யாகும்? இதை நம்பி, அது பொய்யாகப் போனால் யாருக்கு நட்டம்? முதல் இரண்டும் நான் சொல்லிக் கொடுத்தவை. மூன்றாவது சீனித்தாய் சேர்த்தது. அதுதான் கனமான கேள்வி என்று எனக்கு அப்போது தெரியாது.

பிள்ளைகள் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் சோதிக்கத் தொடங்கினார்கள். பஞ்சாங்கம், விதைக்கடைக்காரர் வாக்கு, என் பாடப்புத்தகம், கடைசியில் தலைமையாசிரியர். காலை வழிபாட்டில் அவர், ஒழுக்கமாக இருந்தால் உயர்வு தானே வரும் என்றார். எது நடந்தால் இது பொய்யாகும் என்று வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் கடம்பூர்க்காரர். என்னிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் ஊரிலிருந்து போளி வாங்கி வருவார். அன்றைக்குப் போளி இல்லாமலே கூப்பிட்டார்.

“டீச்சர், நீங்க பூகோளம் நடத்துதீங்களா, வக்கீலுக்கு ஆள் எடுக்குதீங்களா?”

இனி ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரிசலில் நல்ல மழை விழுந்துவிட்டால் மனிதரும் மாடும் உள்ளே கால் வைக்க முடியாது, சேறு இழுத்துக்கொள்ளும். ஆகவே மழைக்கு முன்பே காய்ந்த புழுதிக்குள் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். சரியாகப் பெய்தால் வெள்ளாமை. அரைகுறையாக ஒரு தூறல் விழுந்து நின்றுபோனால் விதை முளைத்துக் கருகிவிடும். மறுபடி விதைக்க விதை இருக்காது. அதோடு, எல்லோரும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். அங்கே காடு என்றால் மரமில்லை, மானாவாரி நிலம். அறுவடை முடிந்த காட்டில் ஆடுகள் தங்கள் இஷ்டத்துக்கு மேயும். முதல் ஏர் இறங்கியதும் காடு அடைத்தாயிற்று என்று தமுக்கடித்துச் சாட்டுவார்கள், அதற்குப் பிறகு ஆடு உள்ளே வரக்கூடாது. தனியாக முந்தி விதைத்தவர் ஆட்டுக்கு விதைத்தவர். அந்த முதல் ஏரை இறக்கும் உரிமை ஒரு குடும்பத்துக்கு உண்டு. அந்தக் குடும்பத்துக்காரர் குருசாமி. சீனித்தாயின் அப்பா.

முந்தின வருடம் ரேடியோ மழை என்றது, குருசாமி ஏர் இறக்கினார், ஊர் விதைத்தது, தூறியது, முளைத்தது, கருகியது. பொங்கலுக்குள் என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. விடியுமுன் ஊருக்குள் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் பிள்ளைகள் வேலைக்கு ஏறிவிட்டார்கள். ஏறியவர்களில் யாரும் திரும்பி வரவில்லை. இந்த வருடம் வீடுகளில் இருந்தது, பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கிக் குலுக்கை என்ற மண் குதிருக்குள் கொட்டி வைத்திருந்த விதை. அதுவும் கருகினால் என் ஒன்பதாம் வகுப்பில் எனக்கும் பெட்டிக்கும் மட்டும்தான் வேலை இருக்கும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்பட எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, தென் மாவட்டங்களில் பல இடங்களில் மழை பெய்யக்கூடும் என்று ரேடியோ சொன்னது. கோவில்பட்டியில் என் வீட்டில் நான் வழக்கம்போலப் பிடித்து வைத்தேன். பள்ளிக்கூட ஊரில் டீக்கடையில் நின்று அதே அறிக்கையைக் கேட்டவர்கள், விடிந்தால் ஏர் என்று முடிவு செய்துவிட்டார்கள். குருசாமி வீட்டுக்கு வந்து குலுக்கையைத் திறக்கப் போனபோது, சீனித்தாய் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

அவர் சத்தம் போட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். போடவில்லை. குலுக்கையைத் திறக்கவும் இல்லை. மறுநாள் காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, ஏர் இறங்க வேண்டிய நேரத்தில், ஊர் ஆண்களில் பாதிப்பேர் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள்.

தலைமையாசிரியர் என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார். “விதைக்கச் சொல்லிருங்க டீச்சர். மழை வந்தா உங்களுக்குப் பேரு. வரலன்னா ரேடியோவுக்குப் பேரு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை, அது ஒரு குறையில்லாத யோசனை. பல பெரிய அலுவலகங்கள் அந்த ஒரு யோசனையை வைத்தே காலம் தள்ளுவதைப் பிற்பாடு பார்த்திருக்கிறேன்.

குருசாமி முன்னால் வந்தார். “பிள்ளைக்குக் கேள்வி கேக்கப் படிச்சுக் குடுத்திட்டீங்க டீச்சர். நல்லது. பதிலயும் நீங்களே சொல்லிருங்க. விதைக்கவா, வேண்டாமா?”

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், அவிய சொல்லிட்டு பஸ்ஸேறிப் போயிருவாவ, குலுக்கை யார் வீட்டுல இருக்கு என்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னது சரி என்பதால்தான்.

என் வாயில் ‘வேண்டாம்’ தயாராக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், மிக நன்றாக இருந்தது அந்த நிமிடம். ஓர் ஊரே முன்னால் நின்று என்ன செய்ய என்று கேட்கிறது. பூகோள வாத்தியாரை வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எவரெஸ்ட் எங்கே இருக்கிறது என்பதைக்கூடப் பரீட்சைக்கு முந்தின நாள்தான் கேட்பார்கள். ஆனால் ‘வேண்டாம்’ என்று எதைப் பார்த்துச் சொல்வேன்? எது நடந்தால் அது பொய்யாகும்? பொய்யானால் யாருக்கு நட்டம்? மூன்றில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ரேடியோவைச் சந்தேகிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நானே ரேடியோவாகி உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி,” என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. “ஆனா தெரியாதப்ப எப்படி முடிவெடுக்கதுன்னு உங்க பிள்ளைக பழகியிருக்கு. உள்ள வாங்க.”

தலைமையாசிரியரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தைரியம் போயிருக்கும்.

பெஞ்சுகளில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்பாக்கள் உட்கார்ந்தார்கள். முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. நான் அறிக்கையைப் போட்டேன், நிறுத்தினேன். முதலில் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சிந்திப்பது ஏணியில் ஏழாவது படி, அதைப் பி.டி.யில் சொல்லித் தரவில்லை. திரும்பப் போட்டேன். பிறகு கருப்பசாமி தொடங்கினான், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பல இடம் என்றால் எத்தனை? பெய்யும் என்றார்களா, பெய்யக்கூடும் என்றார்களா? போன வருடமும் இதே வார்த்தைதானா? போன வருட அறிக்கை ஒருவரிடமும் இல்லை. அவரவர் ஒவ்வொரு மாதிரி நினைவு வைத்திருந்தார்கள். ‘போன வருசத்ததையும் பிடிச்சு வச்சிருக்கலாம்லா’ என்று ஒரு பெரியவர் என்னையே குறைப்பட்டார்.

பிறகு பெரியவர்கள் பேசினார்கள். காத்திருந்து மழை விழுந்துவிட்டால் காட்டுக்குள் இறங்க முடியாது, பருவம் பிந்திவிடும். இப்போதே விதைத்துத் தூறலோடு நின்றுவிட்டால் விதை போய்விடும். இரண்டையும் கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதினேன். அதற்கு மேல் நான் எழுதியது ஒன்றுமில்லை. இரண்டில் எது பெரிய நட்டம் என்று ஒரு பிள்ளை கேட்டது. குருசாமி நேராகப் பதில் சொன்னார்.

“பருவம் பிந்துனா பாதி போச்சு. விதை போனா எல்லாம் போச்சு.”

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏன் போட வேண்டும் என்றாள் சீனித்தாய். ஆண்கள் சிரித்தார்கள். ஆட்டை யார் பிடித்துக் கட்டுவது? கருப்பசாமி எழுந்தான். ஊருக்குக் கிழக்கே பாதிக் காடு, மேற்கே பாதிக் காடு. கிழக்கை மட்டும் அடைத்து விதைத்தால் என்ன? மேற்கே ஆடு மேயட்டும். பாதி விதை குலுக்கையில் கிடக்கட்டும்.

சிரிப்பு நின்றது. என்னைக் குறைப்பட்ட அதே பெரியவர்தான் தலையை ஆட்டினார்.

“பாதி நம்பிக்கையோட ஏர்க்கொழு இறக்குனா மண்ணு ஏத்துக்கிடாதுய்யா.”

கூட்டம் அந்தப் பக்கம் சாய்வதை நான் பார்த்தேன். அது நான் வாதாடக்கூடிய இடம் இல்லை. என்னிடம் அதற்குப் பாடப்புத்தகம் இல்லை.

“போன வருசம் முழு நம்பிக்கையோடதான தாத்தா விதைச்சோம்?” என்றாள் சீனித்தாய்.

குருசாமி எழுந்து துண்டை உதறினார். கிழக்கு மட்டும் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கருப்பசாமி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி சொன்னான்.

“எங்களுக்கு மேற்க மட்டுந்தான் டீச்சர் காடு.”

யோசனையைச் சொன்னவனே அவன். சொல்லும்போது அவனுக்கு அது தோன்றவில்லை. தலைமையாசிரியர் என் காதருகில், ஊர் முடிவு வந்தாயிற்று, ஒருவனுக்காகக் கலைக்காதீர்கள் என்றார். எனக்கும் அதுதான் ஆசை. கலைந்து போகிற கூட்டத்தைத் திரும்ப உட்காரச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று மேடை ஏறிய எவரையும் கேளுங்கள். இளையவர்களே, இந்த இடத்தை மட்டும் நீங்கள் கவனித்துக்கொண்டால் போதும். நெருக்கடி என்பது கூட்டம் வாசலில் வந்து நிற்கும்போது இல்லை. எல்லோருக்கும் திருப்தியான ஒரு விடை கிடைத்து, நாமும் களைத்துப்போயிருக்கும்போது, ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு கேள்வி வருகிறதே, அப்போதுதான்.

“உட்காருங்க அண்ணாச்சி,” என்றேன். “மூணாவது கேள்வி இன்னும் கேக்கல. இது தப்பாப் போனா யாருக்கு நட்டம்?”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். மேற்கே மட்டும் நிலம் உள்ள வீடுகள் எவை என்று பேச்சு எழுந்தது. அந்த வீட்டுப் பெரியவர்களில் ஒருவர்கூட அங்கே வந்திருக்கவில்லை; முடிவெடுக்கும் இடத்துக்கு வந்து பழகியவர்கள் இல்லை அவர்கள். அது பேச்சில் வந்ததும் அறையில் ஒரு சங்கடம். குருசாமி பின்னால் திரும்பினார்.

“ஏலே கருப்பசாமி,” என்றார் கடைசியில். “உங்கப்பன வரச்சொல்லு. கிழக்க என் ஓடைத்துண்ட இந்த வருசம் அவன் விதைக்கட்டும்.”

முதல் ஏர்க்காரர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு வேறு வழியில்லை. மிச்சம் இருந்த வீடுகளுக்கும் ஆளுக்கொரு துண்டு கிடைத்தது. சிலர் மனதாரக் கொடுத்தார்கள், சிலர் ஓரத்துக் களர்த்துண்டைக் கொடுத்தார்கள். ஆட்டுக்காரர்கள் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் சம்மதித்தார்கள். அன்று மத்தியானம் ஏர் கிழக்கே இறங்கியது.

இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு ஓர் ஊகம் இருக்கும். இந்த மாதிரிப் பேச்சுகளில், ரேடியோ பொய்க்கும், குலுக்கையில் மிஞ்சிய பாதி விதை ஊரைக் காப்பாற்றும், டீச்சருக்கு மாலை விழும்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. ரேடியோ சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது, எங்கள் ஊர் அந்தப் பல இடங்களில் ஒன்று. கிழக்குக் காடு பச்சைப் பாயாக முளைத்து நின்றது. மேற்குக் காடு சேறாகிக் கிடந்தது. அது காய்ந்து பதம் வருவதற்குள் மறுபடி மழை, மறுபடி சேறு. பிந்தி விதைத்ததில் பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. முழுக் காட்டையும் அன்றைக்கு விதைத்திருந்தால் அந்த ஊர் பல வருடம் காணாத வெள்ளாமை கண்டிருக்கும்.

மாலை விழவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒருவர் என்னைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்: “ரேடியோவக் கேட்டா முழு வெள்ளாமை, டீச்சரக் கேட்டா அரை வெள்ளாமை. அடுத்த வருசம் சட்டாம்பிள்ளையக் கேட்டுக் கால் வெள்ளாமை எடுத்திருவமா?” பஸ் முழுக்கச் சிரித்தது. நல்ல வாக்கியம் என்பதால் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் வலித்தது. தலைமையாசிரியர் போளி வாங்கி வந்தார், எந்தக் காரியமும் இல்லாமல். அனுதாபப் போளி. அது பஸ் கேலியை விட மோசமாக இருந்தது.

‘நான் எங்கே சொன்னேன், நீங்களேதானே முடிவு செய்தீர்கள்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் மழை பொய்த்திருந்தால் நான் அப்படிச் சொல்லி மாலையைத் திருப்பிக் கொடுத்திருப்பேனா? மாட்டேன். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். பெட்டியைத் தூக்குவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வாரமும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், அறிக்கையைப் போட்டேன், நிறுத்தினேன். பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. அதற்கடுத்த வாரமும் போட்டேன். நம்முடைய தொழிலில் உறுதி என்பது பெரும்பாலும் இதுதான், ஒருவரும் பதில் சொல்லாத வகுப்பில் அதே கேள்வியை மறுபடி கேட்பது. மூன்றாம் வாரம் கருப்பசாமி மட்டும் கேட்டான். “ரேடியோ அன்னைக்கு மெய்யாப் போச்சே டீச்சர். அதுக்காக இன்னைக்குச் சொல்லுததும் மெய்யாயிருமா?” வகுப்பு திரும்ப ஓடத் தொடங்கியது.

மாசியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். கழிப்பறைக் கதவைப் பற்றிப் பேசக் கூடியவர்கள் வழக்கம்போல வேறு எதற்கோ போனார்கள். ஒருவர் குருசாமியைப் பார்த்து, பொட்டப்பிள்ளை பேச்சைக் கேட்டு ஊர் மகசூலைப் பாதியாக்கியவர் என்றார். சீனித்தாயை அதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார் என்று நான் பயந்தேன். ஒரு மனிதர் ஊருக்கு முன்னால் எத்தனை தடவைதான் தோற்பார்? குருசாமி அவசரப்படாமல் எழுந்தார்.

“முழுசா விதைச்சிருந்தா முழுசா வெளஞ்சிருக்கும். வாஸ்தவம். அன்னைக்குக் காலையில அது யாருக்குல தெரியும்? இன்னைக்குத் தெரிஞ்சத வச்சுக்கிட்டு அன்னைக்கு விதைச்சவன ஏசாத.”

உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கழிப்பறைக் கதவுக்குத் திரும்பியது.

அப்போதெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு வினாத்தாளை நாங்களே தயாரிப்போம். அந்த வருட முழு ஆண்டுத் தேர்வில் கடைசிக் கேள்வியாக இதை எழுதினேன்: ‘சென்ற புரட்டாசியில் நம் ஊரார் பாதிக் காட்டை மட்டும் விதைத்தது சரியான முடிவா? காரணங்களுடன் எழுதுக.’ தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். விடைக்குறிப்பு எங்கே என்றார். இல்லை என்றேன்.

“சரின்னு எழுதுனா மார்க்கா, தப்புன்னு எழுதுனா மார்க்கா?”

“காரணத்துக்கு மார்க் சார்.”

பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெறப் போகிற வயதில், விடை இல்லாத தாளில் கையெழுத்துப் போடுவது சின்னத் துணிச்சல் இல்லை. அவரைப் பற்றி நான் செய்த கேலிகளில் பாதியை அந்தக் கையெழுத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற பாதி இருக்கட்டும்.

சீனித்தாய், சரி என்று எழுதியிருந்தாள். விதை போவதும் பருவம் போவதும் ஒரே எடை இல்லை என்பதை அவள் அப்பாவை விட ஒழுங்காக எழுதியிருந்தாள். கருப்பசாமி, தவறு என்று எழுதியிருந்தான். ‘அன்றைக்கு ஊரைப் பாதியாகப் பிரித்தோம், வீட்டுக்கு வீடு பாதியாகப் பிரித்திருக்க வேண்டும். எங்கள் அப்பா இரவல் துண்டில் விதைத்தார், எங்கள் சொந்தக் காட்டில் லாபம் கண்டவை ஆடுகள் மட்டுமே.’ படித்ததும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். இரண்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

திருத்தி முடித்துத் தாள்களை அடுக்கிக் கட்டினேன். முந்தின வருடக் கட்டு என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. இது அடங்கவில்லை, நூல் போதாமல் இன்னொரு நூலை முடிச்சுப் போட வேண்டியிருந்தது. சரி என்றவர்களும் தவறு என்றவர்களுமாக, அந்த வருடம் எழுத வேண்டிய அத்தனை பேரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறாமல் இருந்து எழுதியிருந்தார்கள்.